பிங் போகிறது, அறிக்கை வரவில்லை: ஒரு கிளை அலுவலக இணைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை மாலை, கிளை அலுவலகத்துக்கு இருந்த பழைய தனி இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சாதாரண இணைய இணைப்பின் மேல் மறையாக்கம் செய்த டனல் ஒன்றை அமைத்தோம். தலைமை அலுவலகத்தில் ஒரு ரூட்டர், கிளையில் ஒரு ரூட்டர், இரண்டுக்கும் நடுவே டனல். பிங் (மறுமுனைக்கு ஒரு சிறு தரவுத் துணுக்கை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்துப் பார்த்தேன், பதில் வந்தது. கிளையில் இருந்தவரோடு ஐபி தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். குரல் கணீரென்று கேட்டது. வேலை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதினோரு புகார்கள் வந்து சேர்ந்தன.

புகார்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கணக்குச் செயலியில் உள்நுழைய முடிகிறது, அறிக்கை மட்டும் வரவில்லை என்றார் ஒருவர். காலையிலிருந்து தான் மூன்று அறிக்கை எடுத்துவிட்டதாக அவருக்கு அடுத்த மேசைக்காரர் சொன்னார். கோப்புகளைச் சர்வரில் ஏற்ற முடிகிறது, இறக்கத்தான் முடியவில்லை என்றது இன்னொரு பிரிவு. எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போகும் பராமரிப்பு ஊழியர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனதும் ஒரு பெரிய கோப்புறையைப் பட்டியலிடச் சொன்னால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது என்றார். இத்தனையையும் அவர்கள் என்னிடம் சொன்னது அதே டனல் வழியாகப் போகும் ஐபி தொலைபேசியில். அதில் ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை.

எங்கள் கண்காணிப்புத் திரையிலோ எல்லாம் பச்சை. "பிங் போகிறது, நெட்வொர்க்கில் பிரச்சினை இல்லை, செயலிக்காரர்களைக் கேளுங்கள்" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாத நெட்வொர்க் ஆள் இருக்க முடியாது. பிங் போகிறது என்றால் பிங் போகிறது என்று மட்டுமே பொருள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அது எனக்கு உறைக்கப் புதன்கிழமை ஆயிற்று.

அமைப்பு

சர்வர்கள் ஒரு தனிப் பிரிவில் இருக்கின்றன. அதை ஒட்டி ஃபயர்வால், ஃபயர்வாலுக்கு அடுத்து டனலைத் தாங்கும் ரூட்டர். அங்கிருந்து இணையத்தின் ஊடாகக் கிளையின் ரூட்டர், அதன் பின்னால் முப்பது கணினிகள். இந்த வரிசை முக்கியம்: தலைமை அலுவலகப் பக்கத்தில் சர்வருக்கும் ரூட்டருக்கும் நடுவே ஃபயர்வால் நிற்கிறது, கிளைப் பக்கத்தில் கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவே எதுவும் இல்லை.

ஈதர்நெட் என்ற உள்வலைக் கம்பியில் ஒரு பாக்கெட், அதாவது ஒரே தடவையில் போகும் தரவுப் பொதி, அதிகபட்சம் 1500 பைட் வரை இருக்கலாம். இந்த அளவைத்தான் எம்டியு என்கிறோம். டனல் என்பது ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவது. அந்த வெளி உறைக்கும் இடம் வேண்டும். எங்கள் டனல் முறையான ஜிஆர்இயின் உறை மட்டும் 24 பைட்: புதிய ஐபி ஹெடர் (பாக்கெட்டின் முகவரித் தலைப்பு) 20, ஜிஆர்இ ஹெடர் 4. அதற்கு மேல் ஐபிசெக் மறையாக்கம் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். எந்த மறையாக்க முறை என்பதைப் பொறுத்து அது மாறும். ஒவ்வொன்றாகக் கூட்டினால் உள்ளே எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடலாம். ஆனால் பெரும்பாலோர் செய்வதுபோல நானும் டனலின் எம்டியுவைப் பத்திரமான முழு எண்ணாக 1400 என்று வைத்தேன். இதில் தவறில்லை.

ஃபயர்வாலில் இரண்டு ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு விதி இருந்தது. ஐசிஎம்பியில், அதாவது நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளும் பிங்கும் போகும் நெறிமுறையில், பிங் கேள்வி, பிங் பதில் இரண்டையும் விடு. மீதி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் கொட்டிவிடு. பாதுகாப்பு ஆய்வு ஒன்றின்போது எழுதியது. பட்டியலில் அதுதான் முதல் விதி. பழைய தனி இணைப்பு 1500 பைட்டை முழுசாகத் தாங்கியதால் இரண்டு ஆண்டும் இந்த விதியால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை. தனித்தனியே பார்த்தால் டனலும் நிரபராதி, விதியும் கிட்டத்தட்ட நிரபராதி. இரண்டும் சந்தித்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.

வீணாய்ப் போன இரண்டு நாள்

திங்களன்று சர்வரை மறுபடி இயக்கினார்கள். பயனில்லை. கிளையில் இணைய வேகத்தைச் சோதித்தார்கள், வேகம் பிரமாதம். அந்தச் சோதனை டனல் வழியாகப் போகவே இல்லை, நேரே இணையத்துக்குப் போய்விட்டு வந்தது என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐபி முகவரி விழுந்திருக்குமோ என்று ஒருவர் கேட்டார். நியாயமான சந்தேகம்தான், ஆனால் இங்கே பொருந்தாது. 1982ல் ஆர்எஃப்சி 826 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை) வகுத்த ஏஆர்பி என்ற நெறிமுறையின் வேலை மிகச் சிறியது: "இந்த ஐபி முகவரி யாருடையது, உன் வன்பொருள் முகவரியைச் சொல்" என்று ஒரே உள்வலைக்குள் கூவிக் கேட்பது. ரூட்டரைத் தாண்டி அந்தக் குரல் போகாது. முகவரி மோதல் என்றால் ஒரு கணினி முழுவதுமாக வந்து வந்து போகும். சிறிய பக்கம் வந்து பெரிய பக்கம் வராமல் போவது அதன் குணம் அல்ல.

செவ்வாயன்று என் சக ஊழியர் ஒரு நல்ல காரியம் செய்தார், பாதி வழி. பெரிய பாக்கெட் போகிறதா என்று பார்க்கக் கிளையிலிருந்த விண்டோஸ் கணினியிலிருந்து 1472 பைட் தரவுடன் பிங் அடித்தார். ஐபி ஹெடர் 20, ஐசிஎம்பி ஹெடர் 8, ஆக மொத்தம் சரியாக 1500. பதில் வந்துவிட்டது! அளவு பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டி அந்தக் கதவைச் சாத்திவிட்டோம். அந்த பிங் துண்டாக்க அனுமதியுள்ள பாக்கெட் என்பதைக் கவனிக்கவில்லை. கிளை ரூட்டர் அதை 1396 பைட்டும் 124 பைட்டுமாக இரண்டாக வெட்டி டனலில் விட்டது. சர்வர் ஒட்டிச் சேர்த்துக்கொண்டது. பதிலும் அப்படியே வெட்டுப்பட்டு வந்து சேர்ந்தது. ஐபியின் இயல்பு அது. பாக்கெட் பெரிதாக இருந்து, வெட்டக்கூடாது என்ற குறி இல்லாவிட்டால், வழியிலுள்ள ரூட்டர் வெட்டும். இரண்டாவது துண்டு ஏன் 124 என்று கேட்பவர்களுக்கு: துண்டின் உள்ளடக்கம் 8 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும் என்பது விதி; 1380ஐ முழுசாக நிரப்ப முடியாது, 1376தான் வரும்.

அன்று மாலை சர்வரிலிருந்து கிளைக்கு, வழியிலுள்ள ரூட்டர்களைப் பட்டியலிடும் டிரேஸ்ரூட் கருவியை ஓட்டினோம். வழி நெடுக நட்சத்திரக் குறிகள், அதாவது பதில் இல்லை. "ஃபயர்வால் இருந்தால் இப்படித்தான் வரும்" என்று அதையும் கடந்துபோனோம். விடை அந்தத் திரையிலேயே கிடந்தது. யுனிக்ஸ் வகை டிரேஸ்ரூட், யுடிபி என்ற எளிய நெறிமுறையின் பாக்கெட்டுகளை அனுப்பி, வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் திருப்பி அனுப்பும் "ஆயுள் முடிந்தது" என்ற ஐசிஎம்பி செய்தியை எண்ணிக்கொண்டு போகிறது. அதே வேலையைச் செய்யும் விண்டோஸ் கருவி பிங் பாக்கெட்டுகளை அனுப்புகிறது. சர்வரில் ஐசிஎம்பி முறைக்கு மாற்றி ஓட்டியபோது நடுவெல்லாம் நட்சத்திரமாகவே இருக்க, கடைசி வரியில் மட்டும் கிளைக் கணினி பளிச்சென்று பதில் சொன்னது. பிங் பதிலுக்கு அனுமதி, மற்ற ஐசிஎம்பி எதற்கும் அனுமதி இல்லை என்று இதைவிடத் தெளிவாக ஒரு ஃபயர்வால் சொல்ல முடியாது. நாங்கள்தான் கேட்கவில்லை.

ஒரு நாள் அறிக்கையும் ஒரு மாத அறிக்கையும்

முடிச்சை அவிழ்த்தவர் கிளையின் கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அம்மையார். புதன் காலை அவராகவே அழைத்தார்.

"சார், நான் ஒன்று கவனித்தேன். சொல்லலாமா?"

"சொல்லுங்கள் மேடம்."

"ஒரு நாள் அறிக்கை கேட்டால் உடனே வந்துவிடுகிறது. ஒரு மாத அறிக்கை கேட்டால் எவ்வளவு நேரம் ஆனாலும் வருவதில்லை. மெதுவாக வருகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மெதுவாகக்கூட வரவில்லை சார், வரவே இல்லை. பக்கத்து மேசைக்காரர் தினமும் ஒரு நாள் அறிக்கை மட்டும்தான் எடுப்பார். அதனால்தான் அவருக்கு வருகிறது."

இணைப்பு நெரிசலாக இருந்தால் பெரியது மெதுவாக வரும், சிறியது வேகமாக வரும். பெரியது அறவே வராமல் சிறியது உடனே வந்தால் அது நெரிசல் அல்ல, அளவு. தொலைபேசியை வைத்துவிட்டு நேரே சர்வரில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வெட்டக்கூடாது என்ற குறியோடு பிங். 1472 பைட்: மௌனம். 1372 பைட்: பதில். 1373 பைட்: மௌனம். 1372உடன் ஹெடர்கள் 28ஐச் சேர்த்தால் 1400. ஒரு பைட் பிசகாமல் டனலின் வாசல் உயரம் தெரிந்துவிட்டது.

பெரிய பாக்கெட் டனலில் நுழையாது என்பதில் வியப்பில்லை. நான் வைத்த அளவுதானே. சர்வரின் மௌனம்தான் விசித்திரம். "பாக்கெட் பெரிது, வெட்ட வேண்டும், ஆனால் வெட்டாதே என்று குறி இருக்கிறது" என்ற பிழைச் செய்தி ரூட்டரிடமிருந்து வந்திருக்க வேண்டும். கிளையிலிருந்து அதே சோதனையைச் செய்தபோது அந்தச் செய்தி உடனே திரையில் வந்தது. அங்கேதான் நடுவில் ஃபயர்வால் இல்லையே. ஏற்ற முடிகிறது, இறக்க முடியவில்லை என்ற புகாருக்கும் அப்போதே பொருள் விளங்கியது.

கம்பியில் கண்டது

சர்வர் பக்கச் சுவிட்சில் ஒரு போர்ட்டை நகலெடுக்கும்படி அமைத்து, பாக்கெட்டுகளைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கிளையில் ஒரு அறிக்கையைத் திறக்கச் சொன்னேன். பதில் முழுதும் 9070 பைட். அந்த ஒரு இணைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில், தரவைத் தொலையாமல் வரிசையாகச் சேர்க்கும் நெறிமுறையான டிசிபியின் கைகுலுக்கல். கிளைக் கணினி இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் ஒன்றை அனுப்புகிறது. அதில் "ஒரு துண்டில் எனக்கு 1460 பைட் வரை அனுப்பலாம்" என்று சொல்கிறது. இதுதான் எம்எஸ்எஸ்: 1500இல் ஐபி ஹெடருக்கு 20, டிசிபி ஹெடருக்கு 20 கழித்தது. கணினிக்குத் தன் ஈதர்நெட் கம்பியின் அளவுதான் தெரியும். நடுவழியில் டனல் இருப்பது தெரியாது. சர்வரும் ஒப்புக்கொண்டு பதில் அனுப்புகிறது. மூன்றாவது பாக்கெட்டோடு இணைப்பு உறுதியாகிறது. இந்த மூன்றில் எதுவும் நூறு பைட்டைத் தொடாது. ஆகவே டிசிபி இணைப்பு அமைந்துவிட்டது என்பதும் பிங் போகிறது என்பதும் ஏறக்குறைய ஒரே தரத்துச் சான்றுகள்: சின்னது போகிறது, அவ்வளவே.

அடுத்து எச்டிடிபி கோரிக்கை. குக்கீ எல்லாம் சேர்த்து 600 பைட்டுக்குச் சற்று அதிகம். அதுவும் போய்ச் சேர்ந்தது. சர்வர் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் அனுப்பியது. பின் பதிலை ஏழு துண்டாக அனுப்பியது: ஆறு துண்டு 1460 பைட் வீதம், கடைசியில் மிச்சம் 310 பைட்.

அந்த 310 பைட் துண்டு மட்டும் கிளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளைக் கணினியின் பதில் அதைக் காட்டிக்கொடுத்தது. டிசிபி எண்ணுவது பாக்கெட்டை அல்ல, பைட்டை. ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. கணினி அனுப்பிய ஒப்புதலில் "எனக்கு இன்னும் 1ஆம் பைட் வேண்டும்" என்று இருந்தது. கூடவே தேர்ந்தெடுத்த ஒப்புதலாக "8761 முதல் 9070 வரை என் கையில் இருக்கிறது" என்றும் இருந்தது. கதையின் கடைசிப் பக்கம் மட்டும் வந்து, முதல் பக்கத்துக்காகக் காத்திருக்கும் வாசகர் நிலை. உலாவிக்கு இது எதுவும் தெரியாது. பைட்டுகளை வரிசை குலையாமல் மட்டுமே மேலே ஒப்படைப்பேன் என்பது டிசிபியின் சத்தியம். ஆகவே வந்த 310 பைட்டையும் அது உள்ளேயே வைத்துக்கொண்டது. உலாவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சர்வர் முதல் துண்டை மறுபடி அனுப்பியது. கால் வினாடி கழித்து மீண்டும். பிறகு அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு, நான்கு, எட்டு. ஒவ்வொரு தடவையும் அதே 1460 பைட், அதே "வெட்டாதே" குறி. இப்படி இரட்டித்துக்கொண்டே போவது பட்டுக் கற்ற பாடம். 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. எல்லாரும் தொலைந்ததை உடனுக்குடன் திரும்ப அனுப்பி வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து செய்த திருத்தங்களுக்குப் பிறகு, பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு டிசிபி அடங்கிப் போகிறது. எங்கள் சர்வரும் அப்படித்தான் அடங்கிப் போனது. மெதுவாக அனுப்பிப் பார்த்தது, இன்னும் மெதுவாக அனுப்பிப் பார்த்தது. துண்டைச் சிறிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. தோன்ற வைப்பது ஐசிஎம்பியின் வேலை.

ஃபயர்வாலின் மறுபக்கத்தில் இன்னொரு நகல் போர்ட் வைத்துப் பார்த்தேன். சர்வரின் பெரிய துண்டுகளுக்குப் பதில் சொல்லும் வகையில் ரூட்டர் ஐசிஎம்பி செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது: வகை 3, குறியீடு 4 (பெரிது, ஆனால் வெட்டாதே என்று குறி இருக்கிறது), அடுத்த இணைப்பின் எம்டியு 1400. ஒவ்வொன்றும் 56 பைட். எந்த இணைப்பைப் பற்றிய செய்தி என்று தெரிய வேண்டுமே என்பதற்காகத் தொலைந்த பாக்கெட்டின் ஐபி ஹெடரும் அதற்கடுத்த 8 பைட்டும் உள்ளே ஒட்டப்பட்டிருந்தன; அந்த 8 பைட்டில்தான் டிசிபியின் போர்ட் எண்களும் வரிசை எண்ணும் இருக்கின்றன. ஃபயர்வால் வரை ஒழுங்காக வந்த கடிதங்கள், அங்கேயே குப்பைக் கூடையில் விழுந்தன.

ஒரே காயம், வேறு வேறு வலி

ஐபி ஹெடரில் ஒரு குறிப்பிட்ட பைட் உண்டு. உள்ளே இருப்பது எந்த நெறிமுறை என்பதை அது சொல்கிறது. 1 என்றால் ஐசிஎம்பி, 6 என்றால் டிசிபி, 17 என்றால் யுடிபி. எங்கள் டனலின் ஜிஆர்இக்கு 47. வழியிலுள்ள ரூட்டருக்கு இந்த எண்ணில் அக்கறை இல்லை. இலக்கு முகவரியைப் பார்த்துத் தள்ளிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது. போய்ச் சேரும் என்ற உறுதியை ஐபி தருவதில்லை. அந்த உறுதியின்மையை யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் மேலடுக்கு நெறிமுறைகள் பிரிகின்றன.

ஆரம்பத்தில் இவை பிரிந்திருக்கவில்லை. 1974ல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் முன்வைத்த வடிவில் முகவரி பார்த்துத் தள்ளுவதும், தொலைந்ததைத் திரும்ப அனுப்புவதும் ஒரே நிரலின் வேலை. குரலைப் பாக்கெட்டுகளாக அனுப்ப முயன்றவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு நொடி பழைய குரல் துணுக்கு திரும்பக் கிடைத்து என்ன பயன்? அதைக் கேட்பதற்குள் பேச்சு போய்விடும். 1978 வாக்கில் டிசிபியும் ஐபியும் தனித்தனியாயின. இந்தப் பிரிவினையால் யுடிபிக்கு இடம் கிடைத்தது. ஜான் போஸ்டல் 1980 ஆகஸ்டில் எழுதிய அதன் வரையறை, ஆர்எஃப்சி 768, மூன்றே பக்கம். ஹெடர் 8 பைட்: அனுப்பும் போர்ட், பெறும் போர்ட், நீளம், சரிபார்ப்புத் தொகை. கைகுலுக்கல் இல்லை, வரிசை எண் இல்லை, திரும்ப அனுப்புதல் இல்லை. மறு ஆண்டு 1981 செப்டம்பரில் ஐபி, ஐசிஎம்பி, டிசிபி மூன்றும் 791, 792, 793 என்று அடுத்தடுத்த எண்களில் வெளிவந்தன. அடுத்தடுத்த எண் என்பதை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஐசிஎம்பி பின்னால் ஒட்டவைத்த சோதனைக் கருவி அல்ல. மற்ற இரண்டோடு கூடவே பிறந்தது. அதை வைத்துச் செய்யும் பிங் நிரலை மைக் மஸ் எழுதியது அதற்குப் பிறகு, 1983 டிசம்பரில்.

இந்தக் கண்ணோடு எங்கள் புகார்ப் பட்டியலுக்கு வருவோம். தொலைபேசி ஏன் தப்பித்தது? ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட். குரல் 160 பைட், ஆர்டிபி ஹெடர் 12, யுடிபி 8, ஐபி 20. ஆக 200 பைட். நொடிக்கு ஐம்பது பாக்கெட், ஒன்றுகூட வாசலில் தலை இடிக்காது. டிஎன்எஸ் தப்பித்ததும் அதனால்தான்: பெயரைக் கேட்டு முகவரியைத் தரும் பதில் பெரும்பாலும் ஓரிரு நூறு பைட். 1987 வரையறையில் யுடிபி வழி டிஎன்எஸ் செய்திக்கு 512 பைட்தான் வரம்பு. மிஞ்சினால் "வெட்டுப்பட்டது" என்று ஒரு குறி வைத்துவிடும், கேட்டவர் டிசிபியில் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் இந்த வரம்பு தளர்ந்து பதில்கள் பெருத்தபோது டிஎன்எஸ்ஸுக்கும் எங்கள் நோய் வந்தது. 2020ல் டிஎன்எஸ் மென்பொருள் தயாரிப்பாளர்கள் கூடி 1232 பைட் என்ற வரம்பைப் பரிந்துரைத்தார்கள். எங்கிருந்து வந்த எண் என்றால், ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6இன் குறைந்தபட்ச எம்டியு 1280. அதில் ஹெடர் 40, யுடிபி 8 கழித்தால் மிஞ்சுவது.

கண்காணிப்புத் திரையின் பச்சையும் இதே வகை. அது நிமிடத்துக்கொருமுறை ஒரு குட்டி பிங், யுடிபியில் ஒரு குட்டிக் கேள்வி. குழந்தைகள் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு யானைக்கும் வழி இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

அடிபட்டது டிசிபி மட்டும். அதுவும் அதன் நல்ல குணத்தால். 1990 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 1191, வழியில் வெட்டுப்படுவதைத் தவிர்க்க ஒரு முறையைச் சொன்னது. வெட்டுப்பட்ட பாக்கெட்டில் ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் வீண். ஆகவே எல்லாவற்றையும் "வெட்டாதே" குறியோடு அனுப்பு. பெரிது என்று ஐசிஎம்பி வந்து சொன்னால் சிறிதாக்கிக்கொள். அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை, அந்தச் செய்தி வந்து சேர வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2000த்தில் வந்த ஆர்எஃப்சி 2923 விளக்கியது. கருந்துளை என்று அதற்குப் பெயரும் இருக்கிறது. ஐசிஎம்பியை நம்பாமல் டிசிபி தானே சிறிதாக்கிப் பார்க்கும் முறை 2007ல் வந்தது. லினக்ஸில் அந்த வசதி உண்டு, இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எங்கள் சர்வரிலும் அணைந்துதான் கிடந்தது.

இந்த இடத்தில் க்விக் நெறிமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கணக்குச் செயலிக்கும் அதற்கும் தொடர்பில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021ல் வரையறுக்கப்பட்ட க்விக், யுடிபியின் மேல் உட்கார்ந்து டிசிபியின் வேலையைச் செய்கிறது. அதன் முதல் பாக்கெட்டைக் குறைந்தது 1200 பைட் வருமாறு வெற்று நிரப்பிக் கட்டாயம் பெரிதாக்கித்தான் அனுப்ப வேண்டும். வழி அதைத் தாங்காவிட்டால் இணைப்பே அமையாது. டிசிபி செய்வதுபோல் ஒல்லியான கையை நீட்டிக் குலுக்கிவிட்டுப் பிறகு உடம்போடு வாசலில் மாட்டிக்கொள்வதில்லை. யாரோ எங்களைப்போல நன்றாக அடிபட்டிருக்கிறார்கள்.

திருத்தம்

புதன் பிற்பகல் மாற்றத்துக்கு அனுமதி கேட்டபோது பாதுகாப்புப் பொறுப்பாளர் முதலில் ஒப்பவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. தொண்ணூறுகளில் பெரிய பிங் பாக்கெட் ஒன்றால் கணினிகள் விழுந்திருக்கின்றன. ஒளிபரப்பு முகவரிக்குப் பிங் அடித்து ஊரையே ஒருவர் மேல் ஏவிவிட்டிருக்கிறார்கள். ஐசிஎம்பி மேல் வந்த அச்சம் அப்போதிலிருந்து தொடர்வது. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு தாக்குதலும் பிங்கால் வந்தவை. நம் விதி பிங்கை விட்டுவிட்டுக் குற்றமே செய்யாத மற்றவற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது. இதை எடுத்துச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். வகை 3, குறியீடு 4. வகை 11, குறியீடு 0, அதாவது டிரேஸ்ரூட் எண்ணும் ஆயுள் முடிந்தது என்ற செய்தி. இந்த இரண்டுக்கும் வழிவிட ஒப்புக்கொண்டார்.

கூடவே ரூட்டரில் இன்னொரு ஏற்பாடும் செய்தேன். டனல் வழியாகப் போகும் சின் பாக்கெட்டுகளில் எம்எஸ்எஸ் 1460 என்று இருந்தால் அதை 1360 என்று திருத்திவிடும். இரு பக்கமும் ஆரம்பத்திலேயே சிறிய துண்டுக்கு ஒப்புக்கொண்டுவிடுவதால் ஐசிஎம்பி வராவிட்டாலும் கவலையில்லை. பலர் இதை மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. நடுவிலிருக்கும் ரூட்டர் அடுத்தவர் ஒப்பந்தத்தில் எண்ணைத் திருத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும், எம்எஸ்எஸ் என்பது டிசிபிக்கு மட்டும் உள்ள பேரம். யுடிபியின் 8 பைட்டில் அப்படிப் பேசிக்கொள்ள இடமே கிடையாது. நாளை யாராவது "வெட்டாதே" குறியோடு பெரிய யுடிபி பாக்கெட் அனுப்பினால் இந்த மருந்து கேட்காது. அதனால்தான் ஃபயர்வால் விதி முதலில், எம்எஸ்எஸ் திருத்தம் காப்புக்காக.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை. விதியை மட்டும் மாற்றிவிட்டு அறிக்கையைத் திறக்கச் சொன்னேன். முதல் 1460 பைட் துண்டு போனது, வாசலில் இடித்தது, 56 பைட் செய்தி திரும்பி வந்தது, இந்தத் தடவை சர்வர் வரைக்கும். அடுத்த கணமே சர்வர் அதே பைட்டுகளை 1360 வீதம் வெட்டி அனுப்பியது. அந்தக் கிளைக்கு எம்டியு 1400 என்று சர்வரின் நினைவில் குறித்தும் வைத்துக்கொண்டது. பத்து நிமிடம் அந்தக் குறிப்பு நிற்கும், பிறகு மீண்டும் பெரிதாக அனுப்பிப் பார்க்கும். இதெல்லாம் நடந்து முடிவதற்குள் அம்மையாரின் மாத அறிக்கை திரையில் வந்துவிட்டிருந்தது. பிறகுதான் ரூட்டரில் எம்எஸ்எஸ் திருத்தத்தைப் போட்டேன்.

கண்காணிப்பில் இப்போது குட்டி பிங்கோடு இரண்டு சோதனை கூடியிருக்கின்றன: இரு திசையிலும் 20 கிலோபைட் கோப்பு ஒன்றை டிசிபியில் முழுசாக இறக்கிப் பார்ப்பது, வெட்டாதே குறியோடு பெரிய பிங் அடித்து வரவேண்டிய பிழைச் செய்தி வருகிறதா என்று பார்ப்பது. இரண்டாவதில் பிழை வந்தால்தான் பச்சை விளக்கு. புதிதாக வருபவர்களுக்கு இதை விளக்க ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் ஆகிறது.

பராமரிப்பு ஊழியரைச் சொல்ல மறந்துவிட்டேன். விதியை மாற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவர் எஸ்எஸ்எச்சில் நுழைந்து, அந்தப் பெரிய கோப்புறையைப் பட்டியலிடச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் உறைந்ததும் சலிப்பில் அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோயிருந்தார். சர்வரின் டிசிபி மட்டும் விடவில்லை. லினக்ஸில் இயல்பான அமைப்புப்படி பதினைந்து தடவை, ஏறத்தாழ கால் மணி நேரம், முயன்றுவிட்டுத்தான் கைவிடும். கடைசி முயற்சிகளுக்கு நடுவே இரண்டிரண்டு நிமிட இடைவெளி. விதி மாறி ஒரு நிமிடம் கழித்து அடுத்த முயற்சியின் முறை வந்தது. ஆளில்லாத மேசையில், பதினொரு நிமிடம் உறைந்து கிடந்த கறுப்புத் திரையில், கோப்புகளின் பெயர்கள் சரசரவென்று மேலே ஓடின.